வீடு மாறப் போகிறீர்களா? வண்டி பேசுவதற்கு முன்...



நமது ஊர்களில் வீடு மாறுகிறவர் மாப்பிள்ளைதான். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் வழக்கம் ஒன்றே. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெண் தான் பிறந்த வளவிலோ அதற்குப் பக்கத்து வளவிலோ கடைசிவரை இருப்பாள். ஆகவே சாமான் கட்டவும் லொறி பேசவும் நமது உம்மாமார் நமக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கே அது தேவைப்படவில்லை.

தேவைப்பட்டபோது சொல்லித்தர நேரமும் இருக்கவில்லை. 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடியபோது யார் வண்டி பேசினார்கள்? அதே ஆண்டு ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2004 டிசம்பர் 26 அன்று அந்த இரண்டு மணித்தியாலமும் நமக்குக் கிடைக்கவில்லை. நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதன் பின் கூடாரம், கூடாரத்திலிருந்து தகரக் கொட்டில், கொட்டிலிலிருந்து வீட்டுத்திட்டம் என்று பலர் மூன்று நான்கு தடவை இடம் மாறினோம். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் லொறியோடு வந்தார், "ஏறுங்க" என்றார், ஏறினோம்.

இன்றைக்கு அப்படியல்ல. மகளுக்கு வீடு கட்டி மாறுகிறோம். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ போகிறோம். எப்போது, எப்படி, எந்த வண்டியில் என்பதை நாமே முடிவு செய்யலாம். அந்த முடிவில் காசும் இருக்கிறது, கௌரவமும் இருக்கிறது. வீட்டில் ஆண் துணை இல்லாத சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

எனக்கு நடந்தது

2007இல் நாங்கள் தகரக் கொட்டிலிலிருந்து நிரந்தர வீட்டுக்கு மாறினோம். எங்கள் வீட்டில் பெறுமதியான சாமான் ஒன்றே ஒன்றுதான். அது உம்மாவின் கைத்தறி. சுனாமிக்குப் பிறகு கடன்பட்டு வாங்கியது. அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

பெரிய லொறியில் ஒரே நடையில் எல்லாம் போய்விடும் என்று நினைத்து, தெரிந்தவர் மூலம் ஒரு லொறியைப் பேசினேன். ஒரு தொகை சொன்னார், சரி என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. லொறி வந்தது, ஏற்றினோம், புது வீட்டுப் பக்கம் போனோம். ஒழுங்கையின் வாயிலில் லொறி நின்றுவிட்டது.

"ராத்தா, உள்ளுக்கு லொறி போகாது. இங்கதான் இறக்கணும்."

"என்ன தம்பி, வீட்டுக்குக் கொண்டு போறதுக்குத்தானே பேசினது?"

"ரோட்டுக்குத்தான் பேசினது ராத்தா. உள்ளுக்குக் கொண்டு வைக்கிறதுண்டா ரெண்டு பேருக்குக் கூலி குடுக்கணும். எனக்கு அடுத்த ஹயர் இரிக்கி, கெதியா சொல்லுங்க."

அவரிலும் முழுப்பிழை இல்லை. ஒழுங்கையின் அகலத்தை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்து இறக்கினோம். அவசரத்தில் தறியைச் சரித்து இழுத்ததில் அச்சு வளைந்தது, விழுது சிக்கியது, தறியில் இருந்த பாவு அறுந்தது. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்க உம்மாவுக்கு நாள்கணக்காகியது. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. லொறிக்குக் கொடுத்ததைவிட அந்த நாட்களில் இழந்ததுதான் அதிகம்.

அன்றைக்குப் படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று அளவு

வண்டியைத் தேடுவதற்கு முன் மூன்று விடயங்களை அளந்துகொள்ளுங்கள்.

1. சாமான் எவ்வளவு? ஒரு கொப்பித் தாளில் அறை அறையாக எழுதுங்கள். கட்டில், மெத்தை, அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தையல் மெசின், அரிசிப் பெட்டி, உரல், அம்மி, கோழிக்கூடு வரை எழுதுங்கள். எதை விற்கப் போகிறீர்கள், எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். தேவையில்லாத சாமானுக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

2. தூரம் எவ்வளவு? ஊருக்குள்ளேயா, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கா, அல்லது கொழும்புக்கா? தூரத்தைப் பொறுத்தே வண்டியின் வகை மாறும்.

3. வழி எப்படி? இரண்டு பக்கத்து ஒழுங்கையின் அகலத்தையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். தாழ்வான மின்கம்பி, மதில் மூலை, கடற்கரைப் பக்கமானால் டயர் புதைகிற மணல், மழைக்காலமானால் தண்ணீர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிறீன் பீல்ட் போன்ற மாடி வீடென்றால் எத்தனையாம் மாடி, படிக்கட்டின் திருப்பத்தில் அலுமாரி திரும்புமா என்பதையும் பாருங்கள்.

எந்த வண்டி யாருக்கு?

*ஓட்டோ:* பாத்திரம், உடுப்பு, புத்தகம் போன்ற சில்லறைச் சாமானுக்கு நல்லது. ஒரு தனி அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறுகிற சகோதரிக்கு இரண்டு மூன்று நடையில் வேலை முடிந்துவிடும். கட்டில் பலகையை ஓட்டோவின் கூரையில் கட்டுகிற வேலை வேண்டாம்.

*லான்ட்மாஸ்டர், உழவு இயந்திரப் பெட்டி:* வயல் ஊர்களில் இது எங்கும் உண்டு. மணல் வழியிலும் சேற்றிலும் போகும். பெட்டி திறந்தே இருப்பதால் நீளமான சாமானும் உயரமான சாமானும் ஏற்றலாம். ஊருக்குள் மாறுவதற்குப் பெரும்பாலும் மலிவானது இதுதான். குறைகளும் உண்டு. மெதுவாகப் போகும், நன்றாக ஆட்டும். கண்ணாடி வைத்த அலுமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் உகந்ததல்ல. விதைப்பு, அறுவடைக் காலங்களில் உழவு இயந்திரம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை ஏறும். அந்த நாட்களைத் தவிர்த்துக்கொண்டால் பேரம் பேசலாம்.

*பட்டா லொறி:* நமது ஒழுங்கைகளுக்கு ஏற்ற வண்டி. பெட்டி ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். முக்கால் தொன் அளவு பாரம் தாங்கும். ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, சில பெட்டிகள் ஒரு நடைக்கு அடங்கும். சிறு குடும்பத்துக்கு இரண்டு அல்லது மூன்று நடை போதும்.

*கென்டர் போன்ற லொறி:* முழுக் குடும்பச் சாமானையும் ஒரே நடையில் கொண்டுபோகலாம். வேறு மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வசதி. ஊருக்குள் மாறுவதென்றால் ஒழுங்கைக்குள் நுழையுமா என்று பார்த்த பிறகே பேசுங்கள்.

*திரும்பிப் போகும் லொறி:* கொழும்பிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் நமது பக்கத்துக்குச் சாமான் கொண்டுவரும் லொறிகளில் சில வெறுமையாகத் திரும்புகின்றன. கல்முனைச் சந்தைப் பக்கத்து மொத்தக் கடைகளில் விசாரித்தால் தெரியும். எப்படியும் போகிற வண்டி என்பதால் குறைந்த வாடகைக்குப் பேசலாம். ஆனால் அவர் புறப்படும் நேரத்துக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்த லொறி இதற்கு முன் எதை ஏற்றியது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் ஏற்றிய கூலரில் மெத்தையை ஏற்றினால் ஒரு மாதத்துக்கு மீன் வாசத்தில்தான் படுக்க வேண்டும்!

*பஸ், இரயில் பார்சல்:* சாமான் குறைவாக இருந்து ஆள் மட்டும் கொழும்புக்குப் போவதென்றால் லொறி தேவையில்லை. பஸ்களில் பெட்டிகளை ஏற்றலாம். நமக்கு இரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. எனவே இரயிலில் அனுப்புவதானால் மட்டக்களப்பு வரையான வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

*வீடு மாற்றித் தரும் கம்பனி:* கொழும்பு போன்ற நகரங்களில் இப்படியான சேவைகள் உண்டு. அவர்களே வந்து பொதி கட்டி, ஏற்றி, இறக்கி, புது வீட்டில் அடுக்கியும் தருவார்கள். வாடகை கூட. பெறுமதியான தளபாடம் நிறைய இருப்பவர்களுக்கும், சுகவீனத்தாலோ முதுமையாலோ பொதி கட்ட முடியாதவர்களுக்கும் அது பொருந்தும். அப்படிப் பேசும்போது, உடைந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்ற வாய்வார்த்தை போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நடைக்கா, நாளுக்கா, கொந்தராத்தா என்று முதலில் தீர்மானியுங்கள். கணக்குப் பழகுவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை இன்றைய வாடகை அல்ல. பட்டா லொறிக்கு நடைக்கு 3,000 ரூபாய், மூன்று நடைக்கு 9,000. பெரிய லொறிக்கு ஒரே நடைக்கு 7,500. பார்த்தால் பெரிய லொறி மலிவு. ஆனால் லொறி உள்ளே போகாமல், இரண்டு பேருக்குத் தலா 1,500 கூலி கொடுத்துத் தூக்க வேண்டி வந்தால் 10,500 ஆகிறது. வாசல்வரை போகும் சின்ன வண்டிதான் அப்போது இலாபம். நான் 2007இல் போடாத கணக்கு இது.

எரிபொருள் விலை மாறினால் வாடகையும் மாறும். சென்ற வருடம் அயல் வீட்டார் கொடுத்த தொகையை வைத்து இன்றைக்குப் பேச முடியாது. குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூவரிடமும் ஒரே சாமான் பட்டியலை வாசியுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

பேசும்போது கேட்க வேண்டியவை

- வாடகை வாசல்வரையா, ரோட்டுவரையா?
- ஏற்றி இறக்குவது அதற்குள் அடங்குமா? எத்தனை நாட்டாமைமார் வருவார்கள்?
- காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசா?
- கயிறும் தறப்பாளும் இருக்கிறதா? மழை வந்தால் என்ன ஏற்பாடு?
- வேறு யாருடைய சாமானையும் சேர்த்து ஏற்றுவாரா?
- வண்டி பழுதானால் மாற்று வண்டிக்கு யார் பொறுப்பு?
- முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது?

பதில்களை ஒரு தாளில் எழுதி, திகதியும் தொகையும் போட்டு, அவரிடம் ஒரு கையொப்பம் வாங்குங்கள். அவரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை, இருவருக்கும் மறதி வராமல் இருப்பதற்காக என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால் அவர் சொன்னதையே திரும்ப ஒரு செய்தியாகக் கைபேசியில் அவருக்கு அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். முழுக்காசையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். மிச்சத்தைக் கடைசிச் சாமான் வீட்டுக்குள் வந்த பிறகே கொடுங்கள்.

தனியாக இருக்கும் சகோதரிகளே, விலை பேசும்போது இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது காக்காவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அயல் வீட்டு ராத்தா போதும், மாதர் சங்கத்து அங்கத்தவர் போதும். வண்டி இலக்கத்தையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்து ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பகல் வேளையிலேயே மாறுங்கள். "வீட்டுல ஆம்பிள இல்லையா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "காசு தாறது நான்தான், என்னோட பேசுங்க தம்பி" என்று சொன்னால் போதும்.

திறப்பு கைக்கு வரட்டும்

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென்று 500 வீடுகள் கட்டப்பட்டன. கட்டி முடிந்த பிறகும் அவை பல ஆண்டுகள் கையளிக்கப்படாமல் பாழடைந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். வீடு தருகிறோம் என்ற சொல்லை மட்டும் நம்பிப் பழைய இடத்தைக் கைவிடக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வீட்டுத்திட்டமோ வாடகை வீடோ, திறப்பும் கடிதமும் கைக்கு வந்து, தண்ணீரும் மின்சாரமும் இருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே வண்டிக்கு முற்பணம் கொடுங்கள்.

லொறியில் ஏற்றக் கூடாத பை

ஒரு பை மட்டும் உங்கள் தோளிலேயே இருக்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்கள், கிளினிக் அட்டை, அன்றைக்குத் தேவையான மருந்து, நகை, காசு எல்லாம் அதில் இருக்கட்டும்.

கணவரோ பிள்ளையோ காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு சொல். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், அவரது புகைப்படம், அவர் பெயரிலுள்ள பழைய அட்டைகள் எல்லாவற்றையும் இதே பையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். காணாமற்போனோருக்கான சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் இடம்கொடுத்தது. அதற்கோ காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ விண்ணப்பித்திருந்தால் உங்கள் புதிய விலாசத்தை எழுத்தில் அறிவியுங்கள். கடிதம் பழைய வீட்டுக்கு வந்து திரும்பிப் போய்விடக் கூடாது.

கட்டுவதும் ஏற்றுவதும்

- பழைய சாரன், சாரி, தலையணை உறைகளால் பாத்திரங்களைச் சுற்றினால் தனியாகக் கடதாசி வாங்கத் தேவையில்லை. கழுவிக் காயவைத்த உரப்பை உடுப்புக்கு நல்லது.
- குளிர்சாதனப் பெட்டியை முதல் நாளே நிறுத்தி, ஐஸ் உருகவிட்டுத் துடையுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோங்கள். புது வீட்டில் சில மணித்தியாலம் பொறுத்தே மின்சாரம் கொடுங்கள்.
- எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி, கட்டி வையுங்கள். மூடிய வண்டிக்குள் ஆட்களோடு வைக்க வேண்டாம்.
- தையல் மெசினின் தலையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள்.
- தறி உள்ளவர்கள் முடிந்தால் பாவை நெய்து முடித்துவிட்டு மாறுங்கள். முடியாவிட்டால் அச்சையும் விழுதையும் நூலிலிருந்து கழற்றாமல், பாவோடு சேர்த்துச் சுருட்டித் துணியால் கட்டி எடுங்கள். மரச்சட்டத்தைக் கழற்றும்போது எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சுண்ணாம்பால் குறியுங்கள். கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குங்கள்.
- இரண்டு குடும்பம் ஒரே லொறியில் போனால் உங்கள் பொதிகளில் ஒரே நிறத் துணி முடிச்சுப் போடுங்கள். ஏற்றும்போது எண்ணுங்கள், இறக்கும்போதும் எண்ணுங்கள்.

சாமானுக்கு மேல் ஆள் வேண்டாம்

பஸ் காசை மிச்சம் பிடிக்கச் சாமானுக்கு மேலே பிள்ளைகளை உட்காரவைத்துக் கொண்டுபோகிறோம். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வழியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை நமக்கு மழைக்காலம். முடிந்தால் அந்த மாதங்களில் வீடு மாறாதீர்கள். மாறியே ஆகவேண்டுமென்றால் ரோட்டுக்கு மேல் தண்ணீர் ஓடும்போது வண்டியை அனுப்பாதீர்கள், "கடந்து போயிரலாம் ராத்தா" என்று யார் சொன்னாலும் சரி. சாமான் நாளைக்கும் போகும்.

போய்ச் சேர்ந்த பிறகு

பழைய வீட்டு மின்மானி, நீர்மானி எண்களைப் படம் எடுத்துக் கடைசிப் பட்டியலைக் கட்டி முடியுங்கள். பழைய பிரிவு கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, புதிய பிரிவில் பதியுங்கள். வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதி, அஸ்வெசும கொடுப்பனவு எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவே அடிப்படை. இதைத் தள்ளிப்போட்டுக் கொடுப்பனவு நின்றுபோய் அலைகிற சகோதரிகள் நம்மில் பலர்.

சென்ற வருடம் என் மகளின் வீட்டுக்கு மாறினோம். உம்மாவின் தறி இன்னும் இருக்கிறது. இந்தத் தடவை ஒழுங்கையை நாடாவால் அளந்தேன், மூன்று பேரிடம் விலை கேட்டேன், ஒரு பட்டா லொறியைப் பேசித் தாளில் எழுதிக்கொண்டேன். தம்பி சிரித்துக்கொண்டே கையொப்பம் போட்டார். தறி மூன்றாம் நடையில் தனியாகப் போனது. அசருக்கு முன் பூட்டி முடித்தோம். அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு உம்மா நாடாவைக் கையில் எடுத்தார். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

ஓடும்போது எதையும் தெரிவு செய்ய முடியாது. இப்போது நாம் ஓடவில்லை. ஆறுதலாக அளந்து, கேட்டு, எழுதி, பிறகு ஏற்றுங்கள்.